மாணிக்கத்தின் எட்டாம் அடுக்கு

ஃபேர்லேண்ட்ஸில் கண் டாக்டருக்காகக் காத்திருந்தபோது மாணிக்கத்தின் மகன் போன் செய்து, அப்பா போய்விட்டார் என்றான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் எங்களுக்குப் பாடம் நடத்திவிட்டு இப்படியா ஐயா போவது என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்திலிருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

சூரமங்கலத்தில் அவர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் கூடிய உங்களுக்கு அந்தப் பௌத்த வகுப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அறிவுக்கு எட்டு அடுக்கு: ஐம்புலன்களின் அறிவு ஐந்து, ஆறாவது மனம், ஏழாவது, 'நான், எனது' என்று கத்திக்கொண்டே இருக்கும் ஒருவன், எட்டாவது ஆலய விஞ்ஞானம். அதை அவர் கிடங்கு என்பார். "செஞ்சது, நெனச்சது எல்லாம் அங்க வெதையாக் கெடக்குதுங்க. அது மாறோணும். மேலாப்புல பூசுறதெல்லாம் மாத்தமில்லீங்க." என்னோடு ரயில்வேயில் டிக்கெட் கொடுத்த மனிதர் இதைச் சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும்.

அவருடைய தங்கை சரசு, அண்ணன் பார்த்த மாப்பிள்ளையை மறுத்து, ஒரு விசைத்தறிக்காரரைத் தானே தேடிக் கட்டிக்கொண்டவர். தங்கை வீட்டில் இனிக் கை நனைப்பதில்லை என்று மாணிக்கம் அன்றே சொல்லிவிட்டார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் இதைக் கேட்டேவிட்டேன். அந்த விதை எப்போதோ கருகிவிட்டது என்றார். சரசு மகள் கல்யாணத்துக்கு ஓமலூருக்கு என்னையும் கூட்டிப்போனார். அட்சதை போட்டார், எல்லாரிடமும் சிரித்துப் பேசினார், பந்தியில் மட்டும் உட்காரவில்லை. பசியில்லையாம். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டில் நாலு பரோட்டாவைப் பிய்த்துத் தின்றார், என் முகத்தைப் பார்க்காமலேயே.

கடைசியில் மறதி நோய் வந்தது. மகன் பெயர் போயிற்று. என் முகம் போயிற்று. புத்தர் யாரென்று என்னையே கேட்டார். யார் ஊட்டினாலும் குழந்தை மாதிரி வாய் திறந்தார். இதுதான் சமயமென்று சரசு கஞ்சியோடு வந்தார். தான் ஊட்டி அண்ணன் ஒரு வாய் குடித்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றார். மாணிக்கத்தின் வாயும் திறந்தது.

"குடிங்கண்ணா."

அந்தக் குரல் கேட்டதும் உதடுகள் இறுகின. முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. பிறகு மருமகள் கொண்டுவந்த பாலை மடமடவென்று குடித்தார். எல்லாம் அழிந்த மனிதரிடம் அது ஒன்று மட்டும் அழியவில்லை. பாடம் சரிதான், நடத்தியவர்தான் தேறவில்லை.

வாய்க்கரிசி போடும்போது, கட்டியிருந்த வாயில் சரசு வைத்த அரிசி நிற்காமல் கன்னத்தில் வழிந்தது. பொறுக்கி மறுபடி வைத்தார். அதுவும் சிந்தியது.

"இன்னைக்குமாங்கண்ணா?" என்றார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மருமகள் எல்லாருக்கும் காபி கொடுத்தாள். சரசு டம்ளரை வாங்கி, வாயில் வைக்காமல் தரையில் வைத்துவிட்டு, ஓமலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் முகத்தில் அண்ணன் சாடை அப்படியே இருந்தது. மாணிக்கத்தின் பெயரைச் சொன்னால் எனக்கு இனி அந்த டம்ளர்தான்.