அண்ணனுக்காக நீட்டிய கை

பிள்ளைகளே, நான் இங்கே பார்த்துக்கொள்ளும் இத்தாலிக் கிழவர் தினமும் காலையில் "நீ புதுசா?" என்று தன் பாஷையில் கேட்டு, கைகொடுத்து, எனக்குக் காப்பி ஊற்றித் தருவார். மூன்று வருஷமாக நான் புதுசுதான். வீட்டார் அவரை நொன்னோ, அதாவது தாத்தா என்பார்கள். டாக்டர் முதலில் இதை மனச்சோர்வு என்று நினைத்துத் தூக்க மாத்திரையும் கொடுத்துவந்தார். இந்த வருஷம் அல்சைமர் நோய்க்கென்று ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். "இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். ஆனாலும் அந்த நோய் இருக்கலாம் என்று சோதனைத் தாள் வந்தபின் அவர் வைத்தியமே மாறிவிட்டது. குழப்பத்தைக் கூட்டுகிற தூக்க மாத்திரையை மெல்லக் குறைத்தார். மூளையைப் படம் எடுக்க எழுதினார். அடுப்புப் பக்கம் தனியே விடாதே என்றார்.

எனக்கு உங்களை வளர்க்கிற பெரியப்பா ஞாபகம் வந்தது. சிந்து, நீ போனில் சொன்னாயே: "அப்பா, பெரியப்பா இன்னைக்கும் வேலைக்குப் பேரு குடுக்கத் தோட்டத்துப் பெரட்டுல போயி நின்னாரு. கங்காணி, 'அண்ணே, ரிட்டயர் ஆனவருக்கு எந்த மலையில வேல எழுதட்டும்?'னு சிரிச்சாரு. வீட்டுக்கு வந்து, எம் பேரை யாரு வெட்டுனதுன்னு தம்பிய அடிக்கப் போனாரு." பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் வயசுக் கோளாறு என்று தூக்க மாத்திரை எழுதினார். அவரைக் குறை சொல்லவில்லை. கையில் தாள் இல்லாமல் அவர்தான் என்ன செய்வார்?

போன வாரம் இங்கே டாக்டர் வந்தபோது சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினேன். அவர் பயந்துபோய், "உனக்கும் மறக்கிறதா? இன்று என்ன கிழமை?" என்றார். வியாழன் என்றேன். பிறகு எனக்குத் தெரிந்த இத்தாலி பாஷையில், "அண்ணனுக்கு. ஒரே அம்மா, ஒரே ரத்தம். என்னுடையதை எடுங்கள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அவருடைய ரத்தம்தான் வேண்டும்" என்று என் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

பெரியப்பாவை மறுபடி பதுளைக்குக் கூட்டிப்போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; இந்தக் கடிதத்தை டாக்டரிடம் படித்துக் காட்டி, அங்கே அந்த ரத்தச் சோதனை உண்டா, மாத்திரை வேணுமா என்று கேளுங்கள். இதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனைப் பெரியப்பா முகத்துக்கு நேரே பிடித்தீர்கள். கொஞ்சநேரம் பார்த்தார்.

"தம்பி எந்தத் தோட்டம்?"

"தெமோதரைதாண்ணே."

"அப்ப பெரட்டுல ஒன்னையக் காணலியே."

எனக்குப் பின்னால் நொன்னோ காப்பியோடு நின்றார், நீ புதுசா என்று கேட்டபடி.