பேலினாலஜி என்று சொல்லாதே

எழுபதுகளில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று நான் செய்த தப்பு இது. அவள் பேலினாலஜியில், அதாவது பூக்களின் மகரந்தத் துகளைப் பற்றி, ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வொர்க்‌ஷாப்பில் என் கூட்டாளிகள் அதைப் ‘பூப்பொடிப் படிப்பு’ என்று கேலி செய்வார்கள்.

"அதைப் பத்தி வாயே திறக்காதேம்மா. எம்.எஸ்ஸி.ன்னு சொல்றதோட நிறுத்திக்கோ" என்றேன்.

தலையாட்டினாள். கல்யாணம் நிச்சயமானதும் ஆராய்ச்சியையே விட்டுவிட்டாள். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

தலை தீபாவளிக்கு வந்தவள், சோமாசி செய்யப் பலகையில் மாவைத் தூவியபடி கணவனிடம் சொன்னாள்: "இப்படித் தூவறதுக்கான கிரேக்க வார்த்தையிலேர்ந்துதான் பேலினாலஜிங்கற பேரே வந்தது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷம் அதுலதான் ஆராய்ச்சி பண்ணினேன்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா. முடிச்சுட்டே வரட்டும்னு காத்திருப்பேனே."

அவள் நிமிரவில்லை. "என் ஸீட்டை வேற பொண்ணுக்குக் குடுத்தாச்சு" என்று மாவைத் தேய்த்தாள்.

ஒருநாளும் அவள் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் இன்றும் வீட்டில் யாராவது சப்பாத்திப் பலகையில் மாவைத் தூவினால், நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.