கடைசி வாங்குக்குக் காத்திருந்த கைகள்

மரியகொறற்றி கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தில் இருபத்திரண்டு வருடம் ஓகன் வாசித்தவர். கிழமை நாட்களில் கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க்.

இரண்டு வருடத்துக்கு முன், தன்னை அடித்துவந்த கணவனை விட்டு வெளியேறினார். அடுத்த மாதமே கோயில் குழு கூடியது. இப்படிப்பட்டவர் பீடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சனம் என்ன நினைக்கும் என்று கேட்டு, ஓகனுக்கு வேறு ஆளைப் போட்டது. சனத்திடம் யாரும் கேட்கவில்லை. அடித்தவர் இந்த வருடத் திருவிழாவிலும் புனிதரின் சுரூபம் தூக்கினார். அந்தக் கைகளில் குழுவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கொறற்றியிடம் வீட்டில் பழைய கீபோர்ட் ஒன்று இருந்தது. ஆனால் சுவருக்கு வாசிக்க அவருக்குப் பிடிக்கவில்லை, சேர்ந்து வாசிக்க ஆட்கள் வேண்டும். வெள்ளவத்தையில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் பேண்ட் ஒன்று, பியானோ வாசித்தபடி பாடக்கூடிய ஒருவரைத் தேடுவதாகக் கேள்விப்பட்டதும் ஃபோன் எடுத்தார். பேண்டின் தலைவர் பேர்னாட், டிரம்ஸ் அடிப்பவர், தங்களுடைய சொந்தப் பாட்டொன்றை அனுப்பினார். ரயிலைத் தவறவிட்ட ஒருத்தனைப் பற்றியது. கேட்பவரின் இடுப்பைச் சும்மா இருக்கவிடாத ஃபங்க் பொப். மூன்று கிழமையில் வந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

ஸ்வரங்கள் இரண்டு நாளில் கைக்கு வந்துவிட்டன. பாட்டுத்தான் வரவில்லை. ஏன் என்று கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டுத் தையற்காரி பர்ஹா. தைத்த பிளவுசைக் கொடுக்க வந்தவர் வாசலில் நின்று கேட்டார்.

"கொறற்றி அக்கா, வரிக்கு வரி ஆருக்கு நிக்கிறீங்க? ஒவ்வொரு ஹோல்ட்டிலயும் நிக்கிற பஸ் மாதிரி ஈக்கு."

கொறற்றிக்குக் கோபம் வந்தது. பிறகு தன் விரல்களைப் பார்த்தார். உண்மைதான். பெரிய கோயிலில் கடைசி வாங்கில், அந்தப் பின்வரிசைப் பெஞ்சில், இருப்பவர்களின் குரல் ஒரு மூச்சுப் பிந்தித்தான் வரும். அவர்கள் வந்து சேரும்வரை வரியின் முடிவில் கட்டைகளை அழுத்தியபடி காத்திருப்பது ஓகன்காரரின் மரியாதை. ஃபங்க்கில் அதுவே பிழை. அங்கே அடித்தவுடன் கையை எடுக்க வேண்டும், தாளம் யாருக்கும் நிற்காது.

"நான் கை தட்டுறன், நீங்க பாடுங்க" என்றார் பர்ஹா. "என்ட மெசின் துணிக்கு நிக்கிறதில்ல, துணிதான் மெசினோட போகணும்."

பத்தொன்பது பின்னேரங்கள் அவர் வந்து கை தட்டினார். இடது கை ஓட, வலது கை வெட்ட, வாய் இரண்டுக்கும் நடுவே பாட, கொறற்றி விழுந்து விழுந்து எழும்பினார். நிற்கப் பார்க்கும்போதெல்லாம் பர்ஹாவின் கைதட்டு அவரை விட்டுவிட்டு முன்னால் போய்விடும். "பஸ் போயிட்டு அக்கா, ஓடிப்போய் ஏறுங்க!"

வாசித்துக் காட்ட வேண்டிய சனிக்கிழமை, வெள்ளவத்தை மண்டபத்தில் பேர்னாட் குச்சிகளைத் தட்டி நாலு எண்ணினார். முதலாம் வரி முடிந்தது. விரல்கள் பழையபடி கட்டையில் ஒட்டப் பார்த்தன. கூட வந்து பின்கதிரையில் இருந்த பர்ஹாவின் செருப்பு தரையில் தட்டியது. கொறற்றி கையை எடுத்தார். இரண்டாம் சரணத்தில் ஒரு சொல் மறந்துபோக, "லலலா" என்று பாடிக்கொண்டே கடந்தார்.

"சொல்லை விட்டிட்டீங்க" என்றார் பேர்னாட். "ஆனா தாளத்தை விடேல்ல. ஞாயிறு காலமை ஒத்திகை. உங்களுக்குக் கோயில் இருக்குமோ?"

"இல்லை தம்பி. ஞாயிறு முழுக்க எனக்கு ஃப்ரீ."

திரும்பும் பஸ்ஸில் கொறற்றி கண்ணைத் துடைத்தார். "அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த வேணும்."

"மூணு கிழம கை தட்டின நான்" என்றார் பர்ஹா. "எனக்குக் கொளுத்துங்க."

கொறற்றி வீட்டுக்குப் போனதும் ஒரு மெழுகுதிரியை எடுத்துவந்து, பர்ஹாவின் தையல் மெசினின் மேல் நட்டுக் கொளுத்தினார். பகிடிக்கல்ல, மனதாரத்தான்.

"ஐயோ அக்கா, மெசினில கல்யாண உடுப்பு! பத்தப் போகுது, ஊதுங்க, ஊதுங்க!"