தட்டுக்காரம்மாவின் பத்து நிமிடம்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் தட்டுக்காரம்மா. பதினாறு வருடமாகச் சின்னப் பிளாஸ்டிக் தட்டுகளில் செல் வளர்ப்பதுதான் அவருடைய வேலை. பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படி நேரம் பார்த்துச் சோறு போட்டதில்லை என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரருக்குப் பார்சல் ஆபீஸில் வேலை. "அப்படி என்னதான் அந்தத் தட்டுக்குள்ள நடக்குது?" என்று ஒருநாள் அவர் கேட்டபோது, அவருக்குப் புரிகிற மாதிரியே தட்டுக்காரம்மா சொன்னார்.

"உங்க ஆபீஸ்ல நடக்கிறதுதாங்க. செல்லுக்குள்ள குட்டிக் குட்டிப் பை இருக்கு, அதுலதான் சரக்கு. போறதுக்கு நூல் மாதிரி பாதை இருக்கு, இழுத்துட்டுப் போக வண்டியும் இருக்கு. ஆனா வண்டிக்குப் பையத் தெரியாது, பைக்கு வண்டியத் தெரியாது. நடுவுல நின்னு ரெண்டையும் கோத்து விட ஒரு புரதம் வேணும். இணைப்புப் புரதம்னு சொல்லுவாங்க."

"அப்ப நான்தான் அது," என்றார் வீட்டுக்காரர். "நான் லீவு போட்டா அத்தனையும் குடோன்லயே குவிஞ்சு கிடக்கும்."

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். அப்படிப்பட்ட ஒரு புரதத்தை நீக்கிவிட்டால், பைகள் செல்லின் ஓரத்துக்குப் போகாமல் நடுவிலேயே குவிந்துவிடும் என்று ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியை இரண்டு வருடத்துக்கு முன் கண்டுபிடித்துக் கட்டுரை வெளியிட்டார். அதற்கான தட்டுகளைத் தயார் செய்து, எதில் எந்தச் செல் என்று சீட்டு ஒட்டியவர் தட்டுக்காரம்மா.

இப்போது அதில் ஒரு வம்பு வந்தது. இன்னொரு கூடத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் அதே சோதனையைத் திரும்பச் செய்தார். அளவு பிசகாத மனிதர். மூன்று முறை செய்தும், புரதம் உள்ள செல்லுக்கும் இல்லாத செல்லுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அப்படியானால் முதல் தடவை யாரோ வேறு வகைச் செல் இருந்த தட்டில் சீட்டை மாற்றி ஒட்டியிருக்க வேண்டும். 'யாரோ' என்று மரியாதைக்குத்தான் சொன்னார்கள். ஒட்டிய கை ஒன்றுதானே. அது உறுதியானால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். தட்டுக்காரம்மாவை இனி தட்டுப் பக்கமே விட மாட்டார்கள்.

இதைவிடக் கொடுமை, அவருக்கே தன்மேல் நிச்சயம் இல்லை. அன்றைக்குச் சீட்டு ஒட்டப் போகிற நேரத்தில்தான் மகள் மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. தட்டுகளை அப்படியே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே நின்று பேசினார். திரும்பி வந்து ஒட்டினார். சரியாகத்தான் ஒட்டினாரா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் அவரே பேராசிரியையின் அறைக்குப் போய் அந்தப் பத்து நிமிடத்தைச் சொல்லிவிட்டார். மறைத்து வைக்கிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது.

"நாளைக்கு நீங்களே செய்யுங்க. எந்தத் தட்டு எதுன்னு எனக்கு மட்டும் தெரியட்டும். நானும் புதுசா வந்த சாரும் பக்கத்துல நிக்கிறோம்," என்றார் பேராசிரியை.

மறுநாள் காலை எண் மட்டும் எழுதிய ஆறு தட்டுகள். தட்டுக்காரம்மா கையுறையை மாட்டிக்கொண்டார். செல்லை இருந்த நிலையிலேயே நிறுத்திவிடும் மருந்தை வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்து ஊற்றப் போனார்.

"இருங்க," என்றார் ஆராய்ச்சியாளர். "அத ஏன் சூடு பண்ணியிருக்கீங்க? முதல்ல ஐஸ் மேல வச்சுக் கழுவணுமே. எங்க கூடத்துல அப்படித்தான் செய்வோம்."

"ஐஸா?" தட்டுக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உடம்புச் சூட்டுல வளர்றதுங்க சார் இதெல்லாம். ஐஸ்ல வச்சா பாதையே கரைஞ்சு போயிடுமே. அப்புறம் பை எங்க போகும்?"

"குறிப்பேட்டுல அப்படி ஒரு வரியும் இல்லையே."

"பால் காய்ச்ச அடுப்பப் பத்த வைக்கணும்னு யாராவது எழுதி வைப்பாங்களா?"

பேராசிரியை நெற்றியில் கை வைத்துக்கொண்டார். குளிரில் பாதை கரையும் என்பது அவருக்கும் தெரிந்த சங்கதிதான். நடுவில் ஐஸ் புகுந்ததுதான் தெரியாது. பாதையே இல்லாவிட்டால், புரதம் இருக்கிற செல்லும் இல்லாத செல்லும் ஒரே மாதிரிதானே தெரியும்.

மதியம் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மூன்று தட்டுகளில் பைகள் வரிசை பிடித்து ஓரம் வரை போயிருந்தன. மற்ற மூன்றிலும் நடுவில் ஒரே குவியல். பேராசிரியை தன் பட்டியலை எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார். ஆறும் சரி. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்தார். அச்சு அசல் அப்படியே இருந்தது. சீட்டு மாறவே இல்லை. தட்டுக்காரம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு முழுதாக வந்தது.

"உங்களச் சந்தேகப்பட்டுட்டேன்," என்றார் பேராசிரியை. "மனசுல வச்சுக்காதீங்க."

"நீங்க பாதிதான் மேடம் சந்தேகப்பட்டீங்க. நான்தான் என்னை முழுசா சந்தேகப்பட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் இன்னும் கழற்றாத, மருந்து பட்ட கையுறையோடு கண்ணைத் துடைக்கப் போனார். பேராசிரியை அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, கையுறையைக் கழற்றிவிட்டு, தானே துடைத்துவிட்டார்.