ஒரு சில்லுக்கு ஒரு வால்வு

ரியூப்பை அமுக்கிக் குமிழி பார்க்கும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, மிரியம் வலது கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறார். படத்தைப் பெரிதாக்க அந்த இரண்டும் போதும். மற்ற எட்டு விரல்களிலும் ரயர்க் கரி அப்படியே இருக்கும். எப்படியும் இன்னும் அரை மணித்தியாலத்தில் பத்தும் கறுத்துவிடும்.

காலை ஆறே கால். அரியாலையில், கண்டி வீதியோரக் கடையின் இரும்புக் கதவு பாதிதான் உயர்ந்திருக்கிறது. செவ்வாய்க் கிரகத்தில் ஆறு சில்லுகளில் உருண்டு திரியும் ஆளில்லா வண்டி கடைசியாக அனுப்பிய படங்கள் இணையத்தில் ஏறிவிட்டன. அந்தப் படங்களுக்காகக் காத்திருப்பவர்கள் உலகமெங்கும் சில ஆயிரம் பேர் உண்டு. அவர்களில் பெரும்பாலானோர் மலையைப் பார்ப்பார்கள், மணல்மேட்டைப் பார்ப்பார்கள், பொழுதுபடும்போது சூரியனைச் சுற்றி வானம் நீலமாவதைப் பார்த்து வியப்பார்கள். மிரியம் அவற்றையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுச் சில்லுத் தெரியும் படத்துக்குப் போய்விடுவார்.

“மலை அங்கைதான் கிடக்கும். தேயிறது சில்லெல்லோ,” என்பார்.

கடைப் பலகையில் இன்னும் ‘செல்வத்துரை ரயர் வேலைத்தலம்’ என்றுதான் இருக்கிறது. செல்வத்துரை மிரியத்தின் அண்ணன். சுவிசுக்குப் போய்ப் பதினாறு வருடமாகிறது. மிஷன் பாடசாலையில் ஆங்கிலமும் தட்டச்சும் படித்து, ஏதாவது கந்தோரில் மின்விசிறிக்குக் கீழே இருப்பார் என்று வீட்டில் எதிர்பார்த்த தங்கச்சிதான் அண்ணன் விட்டுப்போன நெம்புகோலைத் தூக்கினார். இப்போது வயது ஐம்பத்திரண்டு. புதிதாக வரும் சாரதிகள் கடைக்குள் எட்டிப் பார்த்து, “முதலாளி இல்லையோ?” என்று கேட்பார்கள். மிரியம் தலை நிமிர்வதில்லை. “நிக்கிறன். என்ன சில்லு?” என்பதுதான் பதில். பிறகு ரயரின் மேல் உள்ளங்கையை ஒருமுறை வைத்துத் தடவிவிட்டு, வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது, எத்தனை நாளாகக் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அடுத்த முறை அந்தச் சாரதி முதலாளியைக் கேட்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் அழைப்பார். கடையைக் கொடுத்துவிட்டு வந்துவிடு, அங்கே தனியாகக் கிடந்து என்ன செய்கிறாய், ஏதும் ஒன்றென்றால் ஆர் பார்ப்பது என்று ஒவ்வொரு கிழமையும் அதே கேள்விகள். “வண்டில் நிக்கட்டும் அண்ணை, வாறன்,” என்று மிரியம் சொல்லுவார். எந்த வண்டில் என்று அண்ணனுக்குத் தெரியும். செவ்வாயில் அது ஓடி ஓய்ந்து நிற்கிற பாடாயில்லை என்பதும் தெரியும்.

இந்தப் பித்துப் பிடித்தது கொரோனா ஊரடங்கு நாட்களில். வீதியில் வாகனமில்லை, ஒட்டுப்போட ரியூப்பில்லை. கைபேசியில் எதையோ தேடப் போனவரின் கண்ணில் ஒரு படம் பட்டது. வெறும் உலோகச் சில்லு, ரப்பர் இல்லை, குறுக்கே பற்கள் மாதிரி மேடுகள், நடுவே ஒரு கிழிசல். ‘உதுக்கு உள்ளுக்காலை ஒரு தகடு வைச்சால் இன்னும் ரெண்டு வருசம் ஓடும்’ என்றுதான் முதலில் நினைத்தார். கீழே இருந்த ஆங்கிலத்தை வாசித்த பிறகுதான் அந்தச் சில்லு எங்கே நிற்கிறது என்று விளங்கியது. கழற்ற ஆளில்லாத, மாற்ற ஏலாத ஒரு சில்லு. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. “உவ்வளவு படிச்சவங்கள், ஒரு ஸ்பெயர் சில்லு கட்டி விடேல்லைப் பாருங்கோ,” என்று யாரிடமும் குறைப்படுவார்.

ஒருமுறை அங்கே பெரும் புழுதி எழும்பி, பதினொரு நாள் வண்டியிடமிருந்து ஒரு படமும் வரவில்லை. அந்த ஞாயிறு கோவிலில் மன்றாட்டுச் சீட்டில் ‘நெடும் பயணத்தில் இருக்கும் ஒருவருக்காக’ என்று எழுதிக் கொடுத்தார். ஆராதனை முடிந்ததும் போதகர் மெதுவாகக் கிட்ட வந்து, ஆர் பிள்ளை, கனடாவுக்கோ என்று விசாரித்தார். “அதைவிடத் தூரம், ஐயா,” என்றார் மிரியம். போதகர் அவுஸ்திரேலியா என்று எடுத்துக்கொண்டு, படகோ என்று கவலையோடு கேட்டார்.

வண்டியைப் பின்தொடர்பவர்களின் இணையக் குழு ஒன்றில் மிரியம் நான்கு வருடமாக உறுப்பினர். அங்கே அவருக்குப் பெயர் ‘அரியாலை ரயர்’. அதற்குப் பின்னால் இருப்பது ஒரு பெண் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை. பாடசாலையில் கடிதம் எழுதப் பழக்கிய ஆங்கிலம் அப்படியே இருப்பதால், ‘தயவுடன் கவனிக்கவும்’ என்றுதான் அவருடைய ஒவ்வொரு குறிப்பும் தொடங்கும். ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள’ என்று முடிந்துகொண்டிருந்ததை மட்டும் இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டார்.

அந்தக் குழு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆறு சில்லுகளிலும் எந்தப் பல் எப்போது உடைந்தது, முதலில் கண்டவர் ஆர் என்ற பட்டியல். அதைப் பார்த்துக்கொள்பவர் நோர்வேயில் ரயில் சில்லுகளைப் பரிசோதித்து ஓய்வுபெற்ற ஒருவர், கறாரான மனிதர். ஒருவர் உடைவைக் கண்டதாக எழுதினால், அந்த நோர்வேக்காரரும் படங்களைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகு ஏழு நாள் ஒருவரும் மறுக்கக் கூடாது. அப்போதுதான் பட்டியலில் ஏறும். இதுவரை ஏழு உடைவுகள், ஏழு பெயர்கள். நான்கு வருடத்தில் மிரியம் எழுதியவற்றில் ஒன்றும் ஏறவில்லை. எட்டாவது வரியில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பது அவருக்குள் ஒரு வைராக்கியமாகவே இறுகிப் போயிருந்தது.

இதற்கென்று கடையின் உட்சுவரில் ஆறு வட்டங்கள் கீறி வைத்திருக்கிறார். ரயரில் அடையாளம் போடும் அதே மஞ்சள் சோக். வேலை முறையும் அதேதான். கழற்ற முன்னம் வால்வுக்கு நேரே ரயரில் ஒரு கோடு போடுவார். ரியூப்பில் ஓட்டையைக் கண்டதும், ரியூப்பின் வால்வை அந்தக் கோட்டில் வைத்துப் பார்த்தால் ஆணி ரயரில் எங்கே இருக்கிறது என்று விரல் நேரே போய் நிற்கும். செவ்வாய் வண்டிலின் சில்லுக்கு வால்வு இல்லை. ஆனால் பற்களுக்கிடையே சதுரத் துளைகளின் வரிசை ஒன்று உண்டு. அது மணலில் பதியும் தடத்தைக் கொண்டு வண்டி ஓடிய தூரத்தை அளக்கலாமாம். மிரியம் அதைத்தான் வால்வாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வட்டத்தின் தலையிலும் அதற்கு ஒரு கோடு. அங்கிருந்து பற்களை எண்ணிக்கொண்டு போவார். படத்தில் எப்போதும் சில்லின் ஒரு துண்டுதான் தெரியும். மீதி மணலுக்குள், அல்லது நிழலுக்குள்.

போன மாதம் இடது பக்கத்து நடுச் சில்லில், துளை வரிசையிலிருந்து மூன்றாவது பல் உடைந்திருப்பதைக் கண்டார். மூன்று மாதத்துக்கு முந்திய படத்தில் அதே மூன்றாவது பல் முழுதாக இருந்தது. உடனே குழுவில் எழுதினார். ஒருவன், அது நிழல் என்றான். மிரியம் வெயில் மூன்று திசையிலிருந்து விழும் மூன்று படங்களைப் போட்டுக் காட்டினார். நோர்வேக்காரர் இரண்டு நாள் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உடைவு உண்மை என்று ஒப்புக்கொண்டார். ஏழு நாள் கணக்குத் தொடங்கியது. அடுத்த வெள்ளி மாலையோடு அது முடிவதாக இருந்தது.

வெள்ளி காலை பத்து மணிக்கு முருகேசு வந்தார். நாவற்குழிப் பக்கம் வயல் செய்கிற மனிதர், மிரியத்தின் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர். சைக்கிள் கரியரில் லாண்ட்மாஸ்ரர் ரயர் ஒன்றைக் கட்டியிருந்தார். அந்த இரண்டு சில்லு உழவு யந்திரத்தை அவர் அண்மையில்தான் பழசாக வாங்கியிருந்தார். ரயரையும் ரியூப்பையும் தானே கழற்றிக்கொண்டு வந்ததில் முகம் நிறையப் பெருமை.

“பாதி வேலையை நானே முடிச்சிட்டன், பிள்ளை. நீர் செய்யிற மாதிரி வால்வுக்கு நேரை கோடும் போட்டிருக்கிறன்.”

மிரியம் ரியூப்புக்குக் காற்றடித்துத் தொட்டியில் அமுக்கினார். குமிழி வந்தது. வால்வைக் கோட்டில் வைத்தார், ரயருக்குள் விரலை விட்டார். ஆணியில்லை. ரியூப்பைப் புரட்டி வைத்து மறுபக்கம் தேடினார். அங்கேயும் இல்லை.

“கோடு பிழை, அண்ணை.”

“கோடு எப்பிடிப் பிழைக்கும்? வால்வைக் கண்ணாலை கண்டு போட்டனான்.”

“அப்ப ஆணி இறங்கி நடந்து போட்டுதோ?”

முழுச் சுற்றும் தடவியபோது ஆணி அகப்பட்டது. தேடிய இடத்துக்கு நேர் எதிரே, சரியாக அரை வட்டம் தள்ளி. சேற்றில் வைத்துக் கோடு போட்டால் இப்படித்தான் என்று மிரியம் சொன்னது முருகேசுவுக்குச் சுட்டுவிட்டது. சைக்கிளைத் திருப்பினார். கால் மணித்தியாலத்தில், கிணற்றடியில் தேய்த்துக் கழுவிய இரும்பு றிம்மோடு வந்து, அதைச் சீமெந்துத் தரையில் சத்தம் எழும்பப் போட்டார்.

“நீரே பாரும். இதுக்கு நேரைதான் போட்டனான். இது வால்வில்லாமல் என்ன, வெத்திலைத் தட்டமோ?”

வால்வுதான். அதற்கு நேர் எதிரே, றிம்மின் மறுபக்கத்தில் இன்னொரு துளை இருந்தது. முந்திய சொந்தக்காரன் எவனோ ஒரு துளை கறள் பிடித்து இரும்பு அரித்ததும் எதிர்ப்பக்கம் புதிதாகத் துளைத்திருக்கிறான். பழைய துளைக்குள் சேறு போகாமல் கழிந்த ரியூப்பொன்றின் வால்வை வெட்டிச் செருகி அடைத்திருக்கிறான். முருகேசு கோடு போட்டது அந்தச் செத்த வால்வுக்கு.

மிரியம் றிம்மை ஒருமுறை கையால் உருட்டினார். ஒரு வால்வு மேலே வந்தது. அரைச் சுற்றில் மற்றது வந்தது. மறுபடி உருட்டினார். பதினாறு வருட வேலையில் அவர் ஒரு நாளும் கேட்டுப் பாராத கேள்வி அது: ஒரு சில்லுக்கு ஒரு வால்வுதான் என்று ஆர் சொன்னது?

கழுவாத கரிக் கையாலேயே கைபேசியை எடுத்தார்.

“என்ரை ரயர், பிள்ளை?”

“பொறுங்கோ அண்ணை. உங்கடை கோட்டிலை பிழையில்லை. என்ரையிலைதான்.”

நான்கு வருடப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். முருகேசு தானே ஒட்டுப்போட இறங்கி, பசையைக் கையிலும் உடுத்திருந்த சாரத்திலும் பூசிக்கொண்டார். ஒரு மணி தாண்டிய பிறகு, வண்டில் பாறையொன்றில் ஏறி நின்ற நாளின் படம் அகப்பட்டது. நடுச் சில்லு மண்ணிலிருந்து முழுதாக எழும்பியிருந்தது. துளை வரிசையிலிருந்து பற்களை எண்ணினார். பன்னிரண்டு பல் தாண்டியதும் இன்னொரு துளை வரிசையின் விளிம்பு தெரிந்தது.

முழுதாக இருந்த மூன்றாவது பல்லும் உடைந்த மூன்றாவது பல்லும் இரண்டு வேறு பற்கள், ஒன்று ஒரு வரிசையிலிருந்தும் மற்றது மற்ற வரிசையிலிருந்தும் எண்ணியது. பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து. பட்டியலைத் திறந்தார். ஐந்தாவது வரி: இடது நடுச் சில்லு, பதினைந்தாம் பல். இரண்டு வருடத்துக்கு முன்னமே வேறொருவர் கண்டு எழுதிய உடைவு. நோர்வேக்காரரும் கவனிக்கவில்லை.

விஷயத்தை முருகேசுவுக்கு விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவருக்குத்தான் அதிகம் வலித்தது. எங்கடை பிள்ளையின்ரை பேர் செவ்வாய்ப் புத்தகத்திலை ஏறப்போகுது என்று தேத்தண்ணிக் கடையில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

“பின்னேரம் வரைக்கும் பேசாமல் இருமன்,” என்றார். “ஒருத்தருக்கும் தெரியாது. அங்கை போய் ஆர் எண்ணிப் பாக்கப் போறான்?”

“அதுதான் அண்ணை. ஒருத்தரும் போய் எண்ணேலாது. நாங்கள் எழுதி வைக்கிறதைத்தானே நம்புவினம்.”

இரண்டு விரலையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, ‘தயவுடன் கவனிக்கவும்’ என்று தொடங்கினார். துளை வரிசை இரண்டு என்பதையும், தான் ஒன்றென்று எண்ணியதையும், பாறையில் ஏறிய நாளின் படத்தையும் போட்டு, தன் கோரிக்கையை மீளப் பெறுவதாக எழுதினார். அரை மணித்தியாலத்தில் நோர்வேக்காரர் நன்றி சொல்லி அதை நீக்கிவிட்டார். கூடவே, தானும் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, நிழல் என்று சொன்னவன் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான்: நான் அப்போதே சொன்னேனே.

முருகேசு பார்த்துக்கொண்டிருக்க, மிரியம் அவனுக்கும் ஒரு பதில் எழுதினார். ‘தயவுடன் கவனிக்கவும். நிழல் அல்ல. உடைவு உண்மையானது. இடம் மட்டுமே என் பிழை.’

முருகேசு ரயரைக் கரியரில் கட்டிக்கொண்டு போனார். வீதியில் மினி பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக் கடந்தது. மிரியம் துணியைத் தொட்டியில் நனைத்து, சுவரிலிருந்த ஆறு வட்டங்களையும் துடைத்தார். நான்கு வருடத்துச் சோக் மஞ்சள் தண்ணீராக வழிந்து தரைக்கு வந்தது. சுவர் காயும்வரை நின்றுவிட்டு ஆறையும் புதிதாகக் கீறினார். ஒவ்வொன்றின் தலையிலும் வழக்கமான கோட்டைப் போட்டார். பிறகு சோக்கை வைத்துவிட்டு, முருகேசுவின் ரயரிலிருந்து இழுத்த ஆணியை எடுத்து, முதல் வட்டத்தின் அடியில், மேலே போட்ட கோட்டுக்கு நேர் எதிரே, சுவர்ப் பூச்சு உதிர உதிர இரண்டாவது கோட்டை ஆழமாகக் கீறத் தொடங்கினார்.