குழாய் கடிக்குது என்றாள்

ரிப்பேர் வேலைக்கென்று எங்கள் வீட்டுக்குள் வெளியாள் ஒருவர் வந்தது அன்றுதான் முதல் தடவை. அதுவரைக்கும் எல்லா வேலையையும் நானே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. பிள்ளைகளே, உங்கள் புத்தகங்களில் வருகிற அப்பாக்கள் எல்லாம் தெரிந்தவர்களாக இருப்பார்கள். இந்த அப்பா அப்படி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். தி. நகரில் ஒரு துணிக்கடையில் ஜாக்கெட் துணி வெட்டிக் கொடுக்கிற வேலை. வீடு மயிலாப்பூரில், நாலு குடித்தனம் இருக்கிற பழைய கட்டடத்தில், கீழ்த்தளம். வீட்டில் நான், என் மனைவி, எங்கள் மகள், மூன்றே பேர். மகளுக்கு அப்போது எட்டு வயது, மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள்.

என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதில் டேப், ஆணி, துண்டு ஒயர், பழைய வாஷர் எல்லாம் கிடக்கும். வீட்டில் எது ஓடாவிட்டாலும் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். "டப்பா வந்துடுச்சு, இனிமே அது தேறாது" என்பாள் என் மனைவி. நான் சிரித்துக்கொள்வேன்.

மழைக்காலம் வந்தால் மட்டும் எங்கள் வீட்டில் வெந்நீர் ஹீட்டரைப் போடுவோம். அதுவும் மகளுக்காகத்தான். மனைவி விடிகாலையிலேயே பச்சைத் தண்ணீரில் குளித்துவிடுவாள். நானும் பச்சைத் தண்ணீர்தான். அந்த வருஷம் ஹீட்டர் போட ஆரம்பித்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மகள் குளியலறையிலிருந்து பாதியில் வெளியே வந்து நின்றாள்.

"அப்பா, குழாய் கடிக்குது."

"குழாய் கடிக்குமாடி? அது என்ன நாயா?"

"நெஜமாப்பா. தொட்டா எறும்பு கடிக்கிற மாதிரி சுர்ருங்குது."

குளிக்காமல் பள்ளிக்கூடம் போவதற்கு அவள் ஏற்கெனவே எத்தனையோ காரணம் சொன்னவள்தான். வயிற்றுவலி, சோப்பு கண்ணில் பட்டது, பல்லி பார்க்கிறது. இதையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டேன். இருந்தாலும் பொறுப்பான அப்பா இல்லையா, உள்ளே போய்க் குழாயை நானே பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன். ஒன்றுமே இல்லை.

"பாத்தியா?" என்றேன்.

"எனக்கு மட்டும் கடிக்குது" என்றாள்.

அப்புறம் நான் செய்த காரியத்தை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவள் உள்ளங்கையைக் குழாயின் மேல் வைத்தேன். வீலென்று கத்திக் கையைப் பிடுங்கிக்கொண்டாள். "நடிக்காத. ஸ்கூலுக்கு லேட்டாகுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், குழாயின் பிடியில் ஒரு பச்சை நிறத் துணி சுற்றிக் கட்டியிருந்தது. பொம்மைக்குப் பாவாடை தைக்கட்டும் என்று நான் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வெட்டுத்துணி. தினமும் அதைப் பிடித்துத்தான் குழாயைத் திருகுவாள். குளித்து முடித்ததும் அவிழ்த்துக் கொடியில் காயப்போடுவாள். மறுநாள் காய்ந்த துணியை மறுபடி கட்டுவாள். "மகாராணி குழாயைக் கையால தொட மாட்டாங்களோ?" என்று நான் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதே சமயத்தில் அந்தக் குழாய் சொட்டவும் ஆரம்பித்தது. நான் மூன்று தடவை டப்பாவைத் திறந்து வாஷர் மாற்றினேன். மூன்றாவது தடவைக்கு அப்புறம் சொட்டியது ஒழுகலாகிவிட்டது. குளியலறைத் தாழ்ப்பாளும் சரியாக விழவில்லை. மனைவி பொறுமை இழந்து தெருமுனை ஹார்டுவேர் கடையில் சொல்லி, சின்னச் சின்ன வேலை எல்லாம் பார்க்கிற ஒருவருடைய நம்பரை வாங்கிவிட்டாள். போனில் அவர், "தோ வந்துகினே கீறேன்கா" என்றார். வந்தது மூன்றாம் நாள்.

அன்று செவ்வாய்க்கிழமை, எனக்கு வார விடுமுறை. மழைக்காகப் பள்ளிக்கூடமும் விட்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் வீட்டில்தான் இருந்தோம். மகள் குளிப்பதற்காக ஹீட்டரைப் போட்டுவிட்டு, குழாயில் துணியையும் கட்டி வைத்திருந்தாள்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். முன்பு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தாராம். மழையில் நனைந்த செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். நான் டப்பாவோடு நிற்பதைப் பார்த்து, "சார், நீங்களே மெக்கானிக்கா? அப்ப நான் எதுக்கு?" என்று சிரித்தார். வெளியே போய்த் தண்ணீர் வால்வை மூடிவிட்டு, குளியலறைக்குள் போனார். குழாயில் இருந்த பச்சைத் துணியைப் பார்த்து, "இன்னா, குழாய்க்குப் பொடவ கட்டி உட்டுகிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அதை அவிழ்த்தார். குழாயைப் பிடித்தார்.

பிடித்த வேகத்தில் பின்னால் வந்து கதவில் மோதினார். கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்து கிணுகிணுவென்று உருண்டது.

"யம்மாடி! குழாய்ல கரண்ட் வருது சார்!"

நான் நம்பவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, அதன் முனையைக் குழாயின் மேல் வைத்தார். டெஸ்டருக்குள் இருக்கிற சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. சுவிட்ச் போர்டில் வைத்தால் எரியும், பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குழாயில் எரிந்து நான் பார்த்ததில்லை. 

"மெயின ஆஃப் பண்ணுங்க சார்! இன்னா பாத்துகினு நிக்கிறீங்க?"

ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். அவசரத்தில் பெட்டியின் மூடி இரண்டு தடவை நழுவியது. மின்விசிறி நின்றது. ஃப்ரிட்ஜ் சத்தம் நின்றது. வெளியே மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அவர் திரும்பி என் காலைப் பார்த்தார். "ஊட்டுக்குள்ளகூட செருப்புதானா சார்?"

எனக்குக் குதிகாலில் வெடிப்பு. டாக்டர் சொன்னதால் வீட்டுக்குள், குளியலறையில்கூட, ரப்பர் செருப்புதான். ரப்பர் வழியாகக் கரண்ட் தரைக்குப் போகாது. அதனால்தான் எனக்கு எதுவும் தெரியவில்லை. என் மகள் வெறுங்காலோடு, ஈரத் தரையில் நின்று, அந்தக் குழாயைத் தொட்டிருக்கிறாள். பதினோரு நாள், முதலில் வெறுங்கையால், அப்புறம் அந்தத் துணியை மட்டும் நம்பி. நான் ஒரு நாள் அவள் கையைப் பிடித்து அதன் மேல் வைத்திருக்கிறேன்.  சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் ஒயரைத் தேடிக்கொண்டே போனார். ஹீட்டர் பிளக்குக்குப் பின்னாலிருந்து ஒரு பச்சை ஒயர் வந்து, சுவரோரமாக இறங்கி, குழாயின் கழுத்தில் சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"யாரு சார் இந்த வேலயப் பாத்தது?"

"முன்னாடி ஒரு ஆள் வந்து போட்டுக் கொடுத்தார்" என்றேன்.

"கொழா மேல எர்த்து ஒயரக் கட்டி உட்டுகிறான். அவன் ஊட்ல கொயந்த குட்டி இல்லயா சார்?"

சமையலறை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள்.  அவளுக்குத் தெரியும். மகள் எல்.கே.ஜி. சேர்ந்த வருஷம் ஹீட்டர் வாங்கியபோது, கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்கிப்போகப் பிளக்குக்கு எர்த் வேண்டும் என்று கேள்விப்பட்டு, இரும்புக் குழாய் மண்ணுக்குள்தானே போகிறது என்று அந்த ஒயரை அங்கே கட்டியவன் நான்தான். ஆளைக் கூப்பிடாமலே வேலையை முடித்துவிட்டேன் என்று கடையில் போய்ச் சொல்லிக்கொண்டவனும் நான்தான்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். அவிழ்த்த துணி இன்னும் அவர் கையில் இருந்தது.

"பாப்பா, இத நீயா கட்டுன?"

தலையாட்டினாள்.

"கொழா கடிச்சுதா?"

அதற்கும் தலையாட்டினாள்.

"கெட்டிக்காரி. காஞ்ச துணியா பாத்துக் கட்டிகிற. யாராண்டயாவது சொன்னியாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"சொல்லல" என்றாள்.

டெஸ்டர் எரிந்ததைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை. அவளை நான் நம்பவில்லை. அவளோ என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். எட்டு வயது. வெளியாள் முன்னால் அப்பாவுக்கு அவமானம் வரக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"சொன்னா" என்றேன். "என்கிட்டதான் சொன்னா. நான் நம்பல. அந்த ஒயரைக் கட்டினதும் நான்தான்."

அவர் குனிந்து, நான் கீழே வைத்திருந்த டப்பாவை எடுத்தார். திறந்து பார்த்தார். மூடி என்னிடம் கொடுத்தார்.

"சார் எங்க வேல செய்றீங்க?"

"துணிக்கடைல. ஜாக்கெட் துணி வெட்டுறேன்."

"நான் வந்து உங்க கத்திரிய எடுத்து நாலு ஜாக்கெட் துணி வெட்டுனா உடுவீங்களா?"

"விட மாட்டேன்."

"துணி வீணாப் போச்சுன்னா வேற வெட்டிக்கலாம் சார்" என்றார்.  

நடந்ததை அவர்தான் எனக்கு விளக்கினார். போன கோடையில் வீட்டுக்காரர் துருப்பிடித்த வெளிக்குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தார். அதோடு எங்கள் குளியலறைக் குழாய்க்கும் மண்ணுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோனது. இந்த வருஷம் ஹீட்டருக்குள் காயில் கெட்டுப்போய்க் கரண்ட் கசிந்திருக்கிறது. ஹீட்டர் போட்டிருக்கும்போதெல்லாம் அந்தக் கரண்ட் என் பச்சை ஒயர் வழியாகக் குழாய்க்கு வந்து, போக இடமில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. ஈரக் காலோடு யாராவது தொடும் வரைக்கும். இதுவரைக்கும் லேசாகத்தான் கசிந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் அதிகமா கசிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து, மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பச்சை ஒயரைக் கழற்றினார். யாரும் ஹீட்டரைப் போடக்கூடாது என்று பிளக்கைப் பிடுங்கிப் பரண் மேல் போட்டார். மறுநாள் ஒரு எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு வந்து, மண்ணில் கம்பி இறக்கி, முறையாக எர்த் போட்டார்கள். ஹீட்டருக்கு வேறு காயில் மாற்றினார்கள். கரண்ட் எங்கே கசிந்தாலும் தானாக அணைந்துவிடுகிற ஒரு சுவிட்சையும் மெயினில் வைத்தார்கள். ஒழுகின குழாயைச் சரிசெய்ய அவருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லாம் முடிந்து டெஸ்டரைக் குழாயில் வைத்துக் காட்டினார். எரியவில்லை.

அவர் போன பிறகு மகள் குளிக்க வேண்டும். குளியலறை வாசலில் நின்றாள், உள்ளே போகவில்லை. கையில் அந்தப் பச்சைத் துணி.

"இனிமே கடிக்காதுமா. டெஸ்டர் எரியல, பாத்தல்ல?" என்றேன். நான் உள்ளே போய்க் குழாயைப் பிடித்துக் காட்டினேன்.

அவள் என் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"செருப்பக் கழட்டிட்டுத் தொடுப்பா."

எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், செருப்பைக் கழற்றி அந்தக் குளிர்ந்த ஈரத் தரையில் காலை வைத்ததும், கை குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. ஒரு நொடிதான். தினமும் காலையில் அவள் அந்த நொடியில் நின்றிருக்கிறாள், தனியாக. கதவுக்கு வெளியே நான் "சீக்கிரம் வா" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது எதையாவது தொட்டால் சுர்ரென்று இருந்தால், மறுபடி தொட்டுப் பார்க்காதீர்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஒருவர் நம்பாவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். அப்பா கோபித்துக்கொண்டாலும் சொல்லுங்கள்.

நான் குழாயைத் தொட்டேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் தொட்டுக் காட்டணும்" என்றாள்.

"காட்டறேன்."

"நாளன்னைக்கும்."

"சரிம்மா."

அப்புறம்தான் உள்ளே வந்தாள். துணியை மட்டும் விடவில்லை. அந்த மழைக்காலம் முடிகிற வரைக்கும் அது குழாயில் கட்டியேதான் இருந்தது. நானும் அவிழ்க்கவில்லை.