வட்டிலப்பம் மணத்த பெருநாள்

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. கடலுக்குப் போகிறவன், கதை குறைவு. ஆனாலும் அந்த ஹஜ்ஜுப் பெருநாளைச் சொல்லத்தான் வேண்டும்.

கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய சென்ட்டை நிறையப் பூசிக்கொண்டு கடற்கரைத் தொழுகைக்குப் போனேன். ஏலக்காய், கராம்பு, கருப்பட்டி என்று பெருநாள் இனிப்பான அசல் வட்டிலப்பம் போலவே மணத்தது. ஹஜ்ஜுப் பெருநாளில் தொழுத பிறகுதான் சாப்பிடுவோம். பூசும்போது அது நினைவில் இல்லை.

பிந்தி வந்த மச்சான், வேறு இடமில்லாமல் என் பக்கத்தில் நின்றார். மூத்த ராத்தாவின் கணவர். தோணி நிறுத்தும் இடத்துக்காக நான் அவரிடம் வாயை விட்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. தொழுகை முடிந்து குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது அவர் வயிறு பெரிதாக இரைந்தது. முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

குத்பா முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தொழ முந்தி வட்டிலப்பம் திண்டுட்டா வந்தாய்?"

"இல்ல மச்சான், சென்ட்."

"பொய் சொல்லாத."

கழுத்தடியில் மூக்கை வைத்து மணந்து பார்த்தார்.

"அட, ஓம்! மனிசனப் பசியில கொன்னுட்டாயேடா!"

சிரித்தபடியே கட்டிப்பிடித்தார். நானும் விடவில்லை.

"ஊட்ட நெசமான வட்டிலப்பம் இரிக்கி. வாங்க மச்சான்."

வந்தார். தட்டை வழித்துத் தின்றார். நான் கேட்க வேண்டிய மன்னிப்பு, கேட்காமலேயே கிடைத்துவிட்டது.